பழைய ட்யூப் கிட்டார் ஆம்ப்புக்கு ஃபில்டர் கெபாசிட்டர் மாத்தப் போறீங்களா? எதைப் பாத்து வாங்கணும், ஆரம்பத்துல இருந்து கடைசி வரை

60-கள்ல செஞ்ச ட்யூப் ஆம்ப் ஒண்ணு கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல பாக்குறது ட்யூபைத்தான். ஆனா அதுக்குள்ள நிச்சயமா வயசாகிப் போற பாகம் எதுன்னு கேட்டா ஃபில்டர் கெபாசிட்டர்தான். ட்ரான்ஸ்ஃபார்மர் அறுபது வருஷம் ஆனாலும் ஓடும், ஸ்பீக்கர் ஓடும், ட்யூப் கூட நல்லதா அமைஞ்சா வருஷக்கணக்கா வரும். ஃபில்டர் கெபாசிட்டர் எலக்ட்ரோலைட்டிக் வகை, அது அப்படி இல்ல, உள்ள இருக்குற ஈரம் மெதுவா காயும், அலுமினியத் தகடு மேல இருக்குற ஆக்ஸைடு படலம் தேயும், ஆம்ப்பை ஓட்டாம மூலையில வச்சிருந்தா இன்னும் சீக்கிரம் தேயும். பொதுவா 15, 20 வருஷம்தான் அதோட ஆயுசு. 1965-ல போட்டதே இன்னும் உள்ள இருக்குன்னா, அது ஓடுதேன்னு சந்தோஷப்படாம மாத்திடுறதுதான் நல்லது. ஏன்னா அது ஷார்ட் ஆகிப் போகும்போது ரெக்டிஃபையர் ட்யூபையும் (ஏசியை டிசியா மாத்துற ட்யூப்) சில நேரம் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். கெபாசிட்டர் புதுசு வாங்கிக்கலாம், அந்தக் காலத்து ட்ரான்ஸ்ஃபார்மரை எங்க போய்த் தேடுறது.

பேசுறதுக்கு ஒரு ஆம்ப்பை எடுத்துக்கலாம்: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், ஏபி763 சர்க்யூட், 1963-ல இருந்து 1967 வரைக்கும் கலிஃபோர்னியா ஃபுல்லர்டன்ல செஞ்ச பிளாக்ஃபேஸ் (முன் பேனல் கருப்பா இருக்குற) மாடல். ரெண்டு 6வி6 பவர் ட்யூப், ஒரு ஜிஸெட்34 ரெக்டிஃபையர் ட்யூப், 12 இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு. இதுல கணக்கு புரிஞ்சுடுச்சுன்னா மத்த ஆம்ப்புக்கும் நீங்களே போட்டுக்கலாம்.

மாத்தணுமான்னு எப்படித் தெரியும்

வால்யூமை ஜீரோல வச்சாலும் ஸ்பீக்கர்ல கனமா ஒரு உறுமல் வருதுன்னா சந்தேகம் முதல்ல பவர் சப்ளை மேலதான். இதுல ரெண்டு வகை இருக்கு. ஹீட்டர் (ட்யூபைச் சூடாக்குற இழை), எர்த் பிரச்சனைன்னா வர்ற ஹம் கரண்ட்டோட அதே ஃப்ரீக்வென்சியில, அமெரிக்கால 60, நம்ம ஊர்ல 50 ஹெர்ட்ஸ்ல, மொத்தையா இருக்கும். ஃபில்டர் சரியில்லன்னா அதுக்கு ரெண்டு மடங்கு, 120 இல்ல 100 ஹெர்ட்ஸ்ல, கொஞ்சம் கரகரன்னு வரும், ரெண்டையும் ஒரு தடவை கேட்டுட்டா அப்புறம் குழப்பம் வராது.

இன்னொரு அறிகுறி, கிட்டார் வாசிக்கிறவங்க சீக்கிரம் கண்டுபிடிப்பாங்க: மேல் ஸ்ட்ரிங்ல ஒரு நோட்டை பெண்ட் பண்ணி சத்தமா பிடிச்சா கூடவே கீழ இன்னொரு நோட்டு சுருதி சேராம முனகும். 440 ஹெர்ட்ஸ் நோட்டு வாசிக்கிறப்போ சப்ளைல இருக்குற 120 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (டிசி மேல மிச்சம் நிக்குற ஏற்ற இறக்கம்) அதோட கலந்து 320-லயும் 560-லயும் சத்தத்தைக் கிளப்பும், ரெண்டுமே அந்த ஸ்கேலுக்குச் சம்பந்தமில்லாத சுருதி. மோட்டார் படகு மாதிரி டுப் டுப்னு தானா சத்தம் வந்தா ப்ரீஆம்ப் பக்கத்து கெபாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம், அது தன் வேலையைச் செய்யாததால ஒரு ஸ்டேஜோட சிக்னல் சப்ளை வழியா இன்னொரு ஸ்டேஜுக்குத் திரும்பிப் போகுது.

கண்ணால பாத்தும் தெரியும். பிளஸ் முனையில ரப்பர் உப்பி வெளிய வந்திருக்கும், கம்பி வெளிய வர்ற இடத்துல பழுப்பா இல்ல வெள்ளையா ஒரு பொருக்கு கட்டியிருக்கும். ஆனா எதுவுமே தெரியலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. மல்டிமீட்டர்ல வச்சு 16 மைக்ரோ (மைக்ரோஃபாரட், கெபாசிட்டரோட கொள்ளளவு) காட்டுதேன்னும் நம்பாதீங்க, அந்த மீட்டர் சில வோல்ட்லதான் அளக்குது, 420 வோல்ட் குடுக்கும்போது அது எவ்வளவு லீக் ஆகும்னு அதுக்குத் தெரியாது.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

இதை மட்டும் அவசரமா தாண்டிப் போகாதீங்க. ஆம்ப்பை ஆஃப் பண்ணி ப்ளக்கைப் பிடுங்குன பிறகும் இந்த கெபாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம், உயிரை எடுக்குற அளவு அது. ஸ்க்ரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்ற பழக்கம் வேண்டவே வேண்டாம், தீப்பொறி பறக்கும், கெபாசிட்டரும் கெடும், முகத்துக்கும் ஆபத்து. 10கே (10,000 ஓம்) 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு எடுத்து ரெண்டு பக்கமும் நல்லா இன்சுலேஷன் இருக்குற க்ளிப் ஒயர் போட்டு, முதல்ல சேசிஸ்ல மாட்டிட்டு, அப்புறம் ஒரு கையால மட்டும் கெபாசிட்டரோட பிளஸ்ல மாட்டி கொஞ்ச நேரம் விடுங்க, இன்னொரு கை ஆம்ப் பக்கமே போகக் கூடாது. பிறகு மீட்டரை டிசில வச்சு ஒவ்வொரு கெபாசிட்டரையும் தனித்தனியா அளந்து பாருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப அளங்க, ஏன்னா எலக்ட்ரோலைட்டிக்ல தானா கொஞ்சம் வோல்டேஜ் திரும்ப ஏறும். வேலை முடியுற வரை அந்த ரெசிஸ்டர் க்ளிப்லயே இருக்கட்டும், ஆன் பண்றதுக்கு முன்னாடி ஞாபகமா எடுத்துடுங்க. இந்த வேலை பழக்கமில்லன்னா கெபாசிட்டரை நீங்க தேர்ந்தெடுத்து வாங்கிக் குடுத்து, மாத்துறதை ட்யூப் ஆம்ப் தெரிஞ்ச டெக்னீஷியன்கிட்ட விட்டுடுங்க.

எந்த கெபாசிட்டர் என்ன வேலை செய்யுது

டீலக்ஸ் ரிவெர்ப்ல சேசிஸ் வெளிப்பக்கம், ட்யூப் இருக்குற பக்கமா, ஒரு தகர மூடி ஸ்க்ரூ போட்டு இருக்கும். அதைக் கழட்டுனா ஒரு போர்டு மேல அஞ்சு கெபாசிட்டர் வரிசையா படுத்திருக்கும், எல்லாம் 16 மைக்ரோ 450 வோல்ட். முதல் ரெண்டும் பேரலல்ல சேந்து 32 மைக்ரோவா ரெக்டிஃபையருக்கு அடுத்து நிக்குது. இதுதான் ரிசர்வாயர், மொட்டை மாடி தண்ணித் தொட்டி மாதிரி, ரெக்டிஃபையர்ல இருந்து விட்டு விட்டு வர்றதைப் பிடிச்சு வச்சு சீரா கீழ அனுப்புது. அதுக்கு அப்புறம் சோக் (இரும்புல சுத்துன ஒரு காயில்), சோக்குக்கு அப்புறம் ஒரு 16, அது 6வி6-ஓட ஸ்க்ரீன் முனைக்கு. அடுத்து ஒரு 10கே ரெசிஸ்டர், ஒரு 16. இன்னொரு 10கே, கடைசி 16, அது ப்ரீஆம்ப்புக்கு.

இந்த ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியா யோசிக்கணும், அதுதான் முக்கியம். கடையில போய் அஞ்சு ஃபில்டர் கெபாசிட்டர் குடுங்கன்னு கேக்குறது வேற, இந்த இடத்துல எவ்வளவு வோல்ட் வருது, இதோட வேலை என்னன்னு தெரிஞ்சு கேக்குறது வேற.

வோல்டேஜ் ரேட்டிங்

ஸ்கீமேட்டிக்ல (சர்க்யூட் வரைபடம்) 6வி6-ஓட பிளேட் முனையில 415 வோல்ட்டுன்னு இருக்கும், அப்போ 450 வோல்ட் கெபாசிட்டர் போதுமேன்னு தோணும். ஆனா அது 6வி6 சூடாகி கரண்ட் இழுக்கும்போது வர்ற வோல்டேஜ். ட்ரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு பக்கமும் 330 வோல்ட் ஏசி குடுக்குது, அதோட பீக் 330 இன்ட்டு 1.414, கிட்டத்தட்ட 467. கரண்ட் இழுக்க ஆளே இல்லன்னா கெபாசிட்டர் அந்த 467 பக்கத்துக்கே ஏறும். அதுலயும் இந்த ஆம்ப் 117 வோல்ட் மெயினுக்குன்னு செஞ்சது, இன்னைக்கு அமெரிக்கால சுவத்துல வர்றது 120, சில இடத்துல அதுக்கும் மேல, அதே விகிதத்துல உள்ள இருக்குற எல்லா வோல்டேஜும் ஏறிடும். 125 வந்துச்சுன்னா அந்த 467 ஏறக்குறைய 500-க்கு வந்து நிக்குது.

ஜிஸெட்34 மெதுவா சூடாகுற ட்யூப்ங்கறதால இந்த ஏத்தம் ஓரளவு அடங்கும். ட்வின் ரிவெர்ப் மாதிரி டையோடு ரெக்டிஃபையர் இருக்குற ஆம்ப்ல அந்த அவகாசம் கிடையாது, அதுல ஹைவோல்டேஜ் வர்றது, ட்யூப் சூடாகுற வரை காத்துட்டு இருக்காது.

அதனால கணக்கோட நிக்காம அளந்து பாருங்க. 6வி6 ரெண்டையும் கழட்டி வச்சுட்டு ஆன் பண்ணி முதல் கெபாசிட்டர்ல எவ்வளவு வருதுன்னு பாத்தா அதுதான் அது தாங்க வேண்டிய உச்சம். ஆனா உள்ள இருக்குற கெபாசிட்டர் அறுபது வருஷத்துப் பழசுன்னா இந்த டெஸ்ட்டை அதை வச்சுப் பண்ண வேண்டாம், ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜ்ல இருந்து கணக்கு போட்டே வாங்கிக்கலாம். டீலக்ஸ் ரிவெர்ப்புக்கு என் முடிவு 500 வோல்ட், 475-ம் சரி, 450-க்குப் போக மாட்டேன்.

ஒரு சந்தேகம் நிறைய பேருக்கு வரும்: கடைசி கெபாசிட்டர்ல வோல்டேஜ் கம்மிதானே, அங்க 350 வோல்ட் போட்டா என்ன? போடக் கூடாது. அந்த 10கே-ல கரண்ட் ஓடுனாத்தான் வோல்டேஜ் இறங்கும், ப்ரீஆம்ப் ட்யூப் இன்னும் சூடாகல இல்ல கழட்டி வச்சிருக்கீங்கன்னா கரண்ட்டே இல்ல, கடைசி கெபாசிட்டர்லயும் முழு வோல்டேஜ் வந்து நிக்கும். எல்லா இடத்துக்கும் ஒரே ரேட்டிங்ல வாங்குங்க.

எத்தனை மைக்ரோ

இங்கதான் ஆர்வக்கோளாறுல ஆம்ப்பைக் கெடுக்குறாங்க. பெருசா போட்டா ஹம் குறையும்னு 16 இருந்த இடத்துல எல்லாம் 47 போடுறாங்க. முதல் இடத்துல ரெண்டு பேரலல்ல இருக்குன்னு சொன்னேன் இல்லையா, ரெண்டு 47 சேந்தா 94 மைக்ரோ. ஜிஸெட்34-ஓட டேட்டாஷீட் அனுமதிக்கிறது 60 மைக்ரோ வரைக்கும்தான். தொட்டி பெருசாக ஆக ரெக்டிஃபையர் ஒவ்வொரு சைக்கிள்லயும் குடுக்க வேண்டிய பீக் கரண்ட் ஏறுது, ஆன் பண்ற நேரத்துல உள்ள ஆர்க் அடிச்சு ட்யூபே போயிடும். பழைய முல்லார்டு ஜிஸெட்34 வச்சிருக்கவங்களுக்கு அதோட மதிப்பு தெரியும். 5ஒய்3 போட்ட ட்வீடு டீலக்ஸ், சாம்ப் மாதிரி ஆம்ப்ல இன்னும் கவனமா இருக்கணும், அது சின்ன ரெக்டிஃபையர், முதல் இடத்துல 20, 22-க்கு மேல போகாதீங்க. இந்த வரம்பு ரெக்டிஃபையருக்கு நேரா நிக்குற முதல் கெபாசிட்டருக்குத்தான், சோக் இல்ல ரெசிஸ்டருக்கு அந்தப் பக்கம் இருக்குறதுக்கு இது பொருந்தாது.

டோன் விஷயமும் இருக்கு. ஓங்கி ஒரு கார்டு அடிச்சதும் சப்ளை லேசா தொய்ஞ்சு மறுபடி எழும்புற அந்த உணர்வுக்காகத்தான் பாதிப் பேர் இந்த ஆம்ப்பைத் தேடி வாங்குறாங்க. முதல் தொட்டியைப் பெருசாக்குனா பேஸ் இறுக்கமா வரும், தொய்வு குறையும், சிலருக்கு அது பிடிக்கலாம், ஆனா அது வேற ஆம்ப்.

அதுக்காக சரியா 16-தான் வேணும்னு பிடிவாதமும் வேண்டாம். அந்தக் காலத்து எலக்ட்ரோலைட்டிக்ல டாலரன்ஸ் ரொம்ப அகலம், கீழ 10 சதவீதம்னா மேல 50 சதவீதம், அதுக்கு மேலயும் விட்டிருப்பாங்க. 16-ன்னு எழுதுனதுல நிஜமா 20 இருந்திருக்கலாம். அதனால 16-க்கு 16 இல்ல 22, 20-க்கு 22, 8-க்கு 10, 32-க்கு 33, 50-க்கு 47 எல்லாமே சரி. டீலக்ஸ் ரிவெர்ப்ல அஞ்சும் 22 போட்டா முதல் இடத்துல 44 வருது, 60-க்குள்ள நல்லாவே அடங்குது.

இதை நம்ம ஊர்ல ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுறவங்களுக்கு 22 பக்கம் போக ஒரு நியாயமும் இருக்கு. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாத்தும், 50 ஹெர்ட்ஸை மாத்தாது. 32 மைக்ரோல 60 மில்லிஆம்பியர் இழுத்தா ரிப்பிள் அமெரிக்கால சுமார் 15, 16 வோல்ட், இங்க அதே கெபாசிட்டர்ல 19 பக்கம். முதல் இடத்தை 44 ஆக்குனா அது 14-க்கு வந்துடுது.

இவ்வளவு ரிப்பிள் இருந்தும் ஏன் ஹம் கேக்கலன்னா, டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரி ரெண்டு பவர் ட்யூப் எதிரெதிரா வேலை செய்யுற புஷ்-புல் ஆம்ப்ல பிளேட்டுக்குப் போற ரிப்பிள் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். சாம்ப் மாதிரி ஒத்தை ட்யூப் ஆம்ப்ல அந்த வசதி இல்ல, அதுல முதல் ரெண்டு கெபாசிட்டரோட நிலைமை காதுக்கே நேரா வரும். கடைசி இடங்களைப் பத்திக் கவலையே வேண்டாம், 10கே-யும் 16 மைக்ரோவும் சேந்தா கட் ஆஃப் (எதுக்கு மேல வடிகட்டத் தொடங்குதோ அந்த ஃப்ரீக்வென்சி) 1 ஹெர்ட்ஸ், அதாவது 120 ஹெர்ட்ஸ் ரிப்பிளை அது ஒண்ணே நூறு மடங்குக்கு மேல குறைக்குது. அங்க 47 போட்டுப் பெருசா எதுவும் கிடைக்கப் போறதில்ல.

சீரிஸ்ல ரெண்டு இருந்தா

ட்வின் ரிவெர்ப், சூப்பர் ரிவெர்ப்ல முதல் இடத்துல 70 மைக்ரோ 350 வோல்ட் ரெண்டு சீரிஸ்ல இருக்கும், சேந்து 35 மைக்ரோ 700 வோல்ட். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு 220கே ரெசிஸ்டர் இருக்கும், வோல்டேஜை ரெண்டுக்கும் சமமா பங்கு போடுறதும் ஆஃப் பண்ணதும் சார்ஜை வடிக்கிறதும் அதுதான். மாத்தும்போது ரெண்டு கெபாசிட்டரையும் ஒரே கம்பெனி, ஒரே வேல்யூ, ஒண்ணா வாங்குனதா போடுங்க, அந்த ரெண்டு ரெசிஸ்டரையும் புது 220கே 2 வாட்டா மாத்திடுங்க. பழைய கார்பன் ரெசிஸ்டர் ஒண்ணு 220-லயும் இன்னொண்ணு 300-லயும் நின்னா ஒரு கெபாசிட்டர் தலையில கூடுதல் வோல்டேஜ் விழும். 70-க்குப் பதிலா 80 இல்ல 100 போடலாம், ட்வின்ல டையோடு ரெக்டிஃபையர்ங்கறதால தாங்கும். சூப்பர் ரிவெர்ப்ல ரெக்டிஃபையர் ட்யூப் இருக்கு, அதனால 100-க்குப் போகாம 80-ல நிக்கலாம்.

பிராண்ட், சைஸ், எங்க வாங்குறது

இந்த வேலைக்கு ரெண்டு முனையிலயும் கம்பி வர்ற ஆக்ஸியல் வகைதான் போர்டுல அழகா உக்காரும். ஜெர்மனியோட எஃப் அண்ட் டி 22 மைக்ரோ 500 வோல்ட் என் முதல் தேர்வு, விலையும் நியாயம், ரிப்பேர்காரங்க மத்தியில பேரும் நல்லா இருக்கு. ஸ்ப்ரேக் ஆட்டம் 16 மைக்ரோ 475 வோல்ட்ல வருது, பாக்க அந்தக் காலத்து மாதிரியே இருக்கும், ஆனா விலை கூட. ரெண்டு முனையும் ஒரே பக்கம் வர்ற ரேடியல் வகையில நிச்சிகான், பானசோனிக், ரூபிகான் எல்லாம் தரமானதுதான், 105 டிகிரி ரேட்டிங்லயும் கிடைக்கும். ட்யூபுக்குப் பக்கத்துல சூட்டுல இருக்குறதுக்கு 85-ஐ விட 105 நல்லது, சூடு 10 டிகிரி குறைஞ்சா கெபாசிட்டரோட ஆயுசு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு ஒரு கணக்கு இருக்கு. ரேடியல் போட்டா ஆடாம போர்டோட இறுக்கிக் கட்டணும், கம்பிக்கு ஸ்லீவ் போடணும்.

டேட்டாஷீட்ல ரிப்பிள் கரண்ட்டுன்னு ஒரு எண் இருக்கும், முதல் இடத்துக்கு அதைப் பாருங்க. ரொம்பக் குட்டியா இருக்குற கெபாசிட்டர்ல அந்த எண்ணும் குட்டியா இருக்க வாய்ப்பு உண்டு.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல 400 வோல்ட் ரேடியல் சுலபமா கிடைக்கும், அது எஸ்எம்பிஎஸ்ல (கம்ப்யூட்டர் மாதிரி சாதனத்துல வர்ற பவர் சப்ளை) போடுறது, நமக்கு ஆகாது. 500 வோல்ட் ஆக்ஸியல் பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், காத்திருந்து நல்ல இடத்துல வாங்குங்க. நியூ ஓல்ட் ஸ்டாக்னு விக்கிற பெட்டி பிரிக்காத 1960-கள் கெபாசிட்டரை மட்டும் வாங்கிடாதீங்க, ட்யூபுக்கு அது பெருமை, எலக்ட்ரோலைட்டிக்குக்கு அது வெறும் வயசு.

கேன் கெபாசிட்டர் இருந்தா

பிரின்ஸ்டன் ரிவெர்ப்ல நாலு 20 மைக்ரோவும் ஒரே அலுமினிய டப்பாவுக்குள்ள இருக்கும். அடியில ஒவ்வொரு முனைக்கும் பக்கத்துல அரைவட்டம், சதுரம், முக்கோணம்னு சின்னதா குறி வெட்டியிருக்கும், ஒண்ணுக்குக் குறியே இருக்காது. டப்பா பக்கவாட்டுல எந்தக் குறி எத்தனை மைக்ரோ, எத்தனை வோல்ட்டுன்னு அச்சடிச்சிருக்கும். அதை வச்சு ஒரு படம் வரைஞ்சு, எந்த ஒயர் எங்க போகுதுன்னு எழுதிட்டு அப்புறம் பிரிங்க. அதோட காதுகளை சேசிஸோட சேத்துப் பத்த வச்சிருப்பாங்க, அதை எடுக்கச் சின்ன அயர்ன் பத்தாது, 80 வாட்டுக்கு மேல வேணும். டப்பாவை அழகுக்காக விட்டுட்டு அடியில தனித்தனி கெபாசிட்டர் போடுறதா இருந்தா பழைய முனையில இருந்து எல்லா ஒயரையும் கழட்டிடுங்க. பழசுக்குப் பேரலலா புதுசை வைக்கிறது ரிப்பேரே இல்ல, லீக் ஆகுறது லீக் ஆகிட்டேதான் இருக்கும்.

மார்ஷல்ல 50+50 மைக்ரோ 500 வோல்ட் கேன், ஜேடிஎம்45-ல 32+32. இதுக்கு எஃப் அண்ட் டி, ஜேஜே ரெண்டுலயும் நேரடி மாற்று இருக்கு.

மறந்துபோற ஒண்ணு: பயாஸ் கெபாசிட்டர்

அஞ்சையும் மாத்திட்டு, உள்ள தனியா இருக்குற 25 மைக்ரோ 50 வோல்ட் பயாஸ் கெபாசிட்டரை விட்டுடுறாங்க. அது போனா 6வி6-ஓட கரண்ட்டைக் கட்டுக்குள்ள வைக்கிற மைனஸ் வோல்டேஜ் (அதுதான் பயாஸ்) போகாது, பிளேட் சிவக்கும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஆபத்துல இருக்கும். 22 இல்ல 47 மைக்ரோ, 100 வோல்ட்ல வாங்குங்க. இதுல பிளஸ் முனை எர்த்துக்கு, மைனஸ் முனை சர்க்யூட்டுக்கு. மத்த அஞ்சுக்கும் நேர் எதிர். பழக்கத்துல கை தானா திருப்பிப் போட்டுடும், பத்த வைக்கிறதுக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லிப் பாத்துக்கோங்க.

மூடிக்குள்ள இருக்குற ரெண்டு 10கே 1 வாட்டையும் ஒரு முனை கழட்டி அளங்க. 10கே-ல இருந்து 20 சதவீதத்துக்கு மேல விலகியிருந்தா 2 வாட் மெட்டல் ஆக்ஸைடு போடுங்க. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் சிக்னலைக் கடத்துற நீல நிற கப்ளிங் கெபாசிட்டரை மட்டும் காரணமில்லாம தொடாதீங்க, அது எலக்ட்ரோலைட்டிக் இல்ல, இன்னும் நல்லாத்தான் இருக்கும்.

முதல் தடவை ஆன் பண்றது

பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சு, அதோட ஒப்பிட்டு ஒவ்வொரு கெபாசிட்டரோட பிளஸ் மைனஸும் பாருங்க. மெயின்ல நேரா மாட்டாம சீரிஸ் லேம்ப் வழியா மாட்டுங்க, 60 இல்ல 100 வாட் பழைய இழை பல்பு, எல்இடி பல்பு ஆகாது. முதல்ல ட்யூப் எதுவும் இல்லாம ஒரு தடவை, அப்புறம் ரெக்டிஃபையர் மட்டும் போட்டு. பல்பு ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சு மங்குனா சரி, முழு வெளிச்சத்துல நின்னா உடனே ஆஃப் பண்ணி ஷார்ட் எங்கன்னு தேடுங்க.

எல்லா ட்யூபும் போட்டு, ஸ்பீக்கரும் மாட்டுன பிறகு, பல்பை எடுத்துட்டு நேரா மெயின்ல ஒவ்வொரு இடத்துலயும் டிசி அளந்து எழுதிக்கோங்க. பிறகு மீட்டரை ஏசில வச்சு அதே இடங்களை அளந்தா முதல் இடத்துல சில வோல்ட் இருக்கும், சோக் தாண்டுனதும் நல்லா இறங்கும், ப்ரீஆம்ப் இடத்துல மில்லிவோல்ட்தான் இருக்கணும். பயாஸைத் திரும்ப செட் பண்ணுங்க. ஒரு மணி நேரம் வாசிச்சுட்டு ஆஃப் பண்ணி, சார்ஜை வடிச்சு, அளந்து உறுதி பண்ணிட்டு புது கெபாசிட்டரைத் தொட்டுப் பாருங்க, பக்கத்து ட்யூப் சூட்டை விட அது தனியா சூடா இருக்கக் கூடாது. கழட்டுன பழைய கெபாசிட்டரை ஒரு கவர்ல போட்டு, எழுதி வச்ச வோல்டேஜ் சீட்டையும் மாத்துன தேதியையும் சேத்து கேபினெட் அடியில ஒட்டி வைங்க, அடுத்து இதைத் திறக்குறவங்களுக்கு அது உதவும்.